உள்ளூர் விலை, வெளியூர் விலை

பந்தாட்டம் பார்க்க வருகிறவர்களில் இரு வகையினர் உண்டு. ஆட்டம் நடக்கும் ஊரின் அணிக்காக வருகிறவர்கள் ஒரு வகை. அந்த அணியை எதிர்த்து ஆட வந்த அணியின் பின்னே, தம் ஊரை விட்டுப் புறப்பட்டு வருகிறவர்கள் மற்றொரு வகை. இவ்விரு வகையினரிடமும் ஒரே நுழைவுக் கட்டணம் வாங்குவதுதான் முறையா? வெளியூரான் என்பதனால் கூடுதலாக வாங்கலாமா? அல்லது, வழிச்செலவு செய்துகொண்டு வந்தவன் ஆயிற்றே என்று குறைத்து வாங்க வேண்டுமா?

கேட்டவுடன் இது பொழுது போகாதவர்களின் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வியை ஒட்டி இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானோர் ஆட்டத்தின் நடுவே எழுந்து வெளியேறியிருக்கிறார்கள். தெருவில் ஊர்வலம் போயிருக்கிறார்கள். வாரம் முழுவதும் உழைத்தவன் காத்திருந்து காண்கின்ற ஒரு காட்சியை, அவன் கைக்கு எட்டாத விலைக்கு ஏற்றிவிடலாமா என்பதே அதன் உள்ளே இருக்கும் வழக்கு. எனக்கோ அந்தக் கேள்வி என் பதினெட்டாம் வயதிலேயே எதிர்ப்பட்டது. அதுவும் டிக்கெட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது எதிர்ப்பட்டது.

அது 1974-ஆம் ஆண்டு. பொன்மலைப் பக்கத்தில் ஒரு திடலில் கோப்பைப் போட்டி நடந்தது. நடத்திய குழுவின் பெயர் இங்கே வேண்டியதில்லை. திடலைச் சுற்றிக் கீற்றுத் தட்டி அடைத்திருந்தார்கள். ஒரு பக்கம் சவுக்குக் கட்டைகளை நட்டுப் பலகை பரப்பிய காலரி. மற்றொரு பக்கம் நாற்காலிகள். எஞ்சிய இடமெல்லாம் தரை. தரைக்கு ஐம்பது காசு, காலரிக்கு ஒரு ரூபாய், நாற்காலிக்கு மூன்று ரூபாய். வடமேற்கே பார்த்தால் உச்சிப் பிள்ளையார் கோயில் தெரியும். பந்து வானில் எழும்போதெல்லாம் சற்று நேரம் மலைக்கோட்டைக்கும் மேலே நிற்பதுபோல் இருக்கும். இறுதி ஆட்டத்தைப் பணிமனைச் சம்பளத் தேதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருந்தார்கள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே காசும் இருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் ஊர் அணியை எதிர்த்து இறுதி ஆட்டத்திற்கு வந்தது மேற்கேயிருந்து வந்த ஒரு நூற்பாலை அணி. ஆலைத் தொழிலாளர்கள் இரண்டு லாரிகளில் உடன் வரப்போகிறார்கள் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. குழுவின் செயலாளர் சற்றே யோசித்தார். பிறகு, "வெளியூர்க்காரர்களுக்கு எல்லா டிக்கெட்டும் இரட்டிப்பு விலை" என்று உத்தரவிட்டார். அவர் பேராசைக்காரர் அல்லர். காலரி கட்டிய வகையில் கடன் இருந்தது. "வெளியூர்க்காரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று நான் கேட்டேன். "பேச்சைக் கேட்டால் தெரியாதா? வேட்டியில் படிந்த புழுதியைப் பார்த்தால் தெரியாதா?" என்றார். இவ்வாறு, மொழியியலும் மண்ணியலும் ஒரே காலைப் பொழுதில் என் தலையில் விழுந்தன.

லாரிகள் வந்தன. இறங்கியவர்கள் விலையைக் கேட்டுத் திகைத்துப் போனார்கள். முதலில் நின்றவர் நடுவயதுக்காரர். தலையில் இன்னும் பஞ்சுத் தூசி இருந்தது. "லாரி வாடகையே தலைக்கு இரண்டு ரூபாய் ஆயிற்று, தம்பி. நாங்கள் பார்க்கிற பந்தும் உங்கள் ஊர்க்காரர் பார்க்கிற பந்தும் ஒன்றுதானே?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் காசு கொடுத்து உள்ளே சென்றனர். எஞ்சியவர்கள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், லாரியைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொல்லி, அதன் கூண்டின் மேலே ஏறிக்கொண்டார்கள். அங்கிருந்து பாதித் திடல் தெரியும்.

அப்பொழுது, மிதிவண்டியைச் சாய்த்துவிட்டுக் குடையும் கையுமாக ஒரு பெரியவர் மேசைக்கு வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலம் கடந்து, வெயிலில் மிதித்துக்கொண்டு வந்தவர். "எனக்கு என்ன விலை, தம்பி?" என்று கேட்டார். "ஐம்பது காசு" என்றேன். "யோசித்துச் சொல்லு. வந்திருக்கிற அணிக்குக் கோல் காக்கிறவன் என் தமக்கை மகன். நான் அவனுக்காக வந்தவன். அதுவும் தவிர, ஸ்ரீரங்கம் தனி நகராட்சி, திருச்சி வேறு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் வெளியூர்தானே?" என்றார். அவர் சொன்னது உண்மை. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் திருச்சியோடு இணைந்து மாநகராட்சி ஆனது 1994-ஆம் ஆண்டில்தான். பார்க்கப்போனால், அந்த மேசை போட்டிருந்த இடமும் திருச்சி அன்று. அவர் ஒரு ரூபாய் நாணயத்தை மேசைமேல் வைத்தார். நான் எட்டணாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதனைத் தொடவே இல்லை. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்த அணி ஒரு கோல் போட்டது. திடலுக்குள்ளே மயான அமைதி. திடலுக்கு வெளியே, லாரியின் மேலிருந்து ஓர் ஆரவாரம்! காலரியில் இருந்த அத்தனை பேரும் பந்தை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பி, தட்டிக்கு மேலே தெரிந்த அந்தத் தலைகளைப் பார்த்தார்கள். அதன் பின்னர்தான் நம்மவர்களுக்கு வீம்பு வந்தது. அதுவரை தொண்டையைக் காத்து வைத்திருந்தவர்களெல்லாம் கத்தத் தொடங்கினார்கள். எதிர்க்குரல் ஒன்று இல்லாமல் நம் குரலும் எழுவதில்லை என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், 2013 ஜனவரியில் இலண்டனிலிருந்து வந்த ஒரு செய்தி அந்த மாலைப் பொழுதை மீண்டும் என் முன்னே நிறுத்திற்று. ஆர்சனல் மன்றத்தின் திடலில் மான்செஸ்டர் சிட்டி அணி ஆடச் சென்றது. வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு டிக்கெட் விலை 62 பவுன். அணிக்கென்று ஒதுக்கிய சுமார் 3,000 டிக்கெட்டுகளில் 912 விலை போகாமல் திருப்பி அனுப்பப்பட்டன. வந்தவர்களில் சிலர், இந்த விலை எங்கே போய் நிற்கும் என்று கேட்கும் பதாகை ஒன்றைப் பிடித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கோட்டு நடுவர் ஒருவர், வென்ற அணியின் ஆட்டக்காரர்களைப் பார்த்து, அங்கே நிற்பவர்கள் 62 பவுன் கொடுத்து வந்தவர்கள், போய் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள் என்ற பொருளில் பேசியது தொலைக்காட்சியில் கேட்டுவிட்டது. நடுவர்கள் பொதுவாக யாருடைய நன்றிக்கும் உரியவர் ஆவதில்லை. அந்த ஒரு நாள் அவர் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆர்சனல் மன்றம் வெளியூராரை வஞ்சிக்கவில்லை. அவ்வரிசை ஆசனங்களுக்கு உள்ளூராரிடமும் அதே விலைதான். ஒப்பான இடத்திற்கு உள்ளூராரிடம் வாங்குவதைவிட வெளியூராரிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்பது அந்தப் போட்டியின் விதிகளிலேயே உள்ளது. எங்கள் செயலாளர் அங்கே இருந்திருந்தால் தண்டம் கட்டியிருப்பார்! ஆயினும் மான்செஸ்டரிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். நம் திருச்சியிலிருந்து சென்னைக்கு உள்ள தொலைவும் ஏறத்தாழ அவ்வளவுதான். இரவு மலைக்கோட்டை விரைவு வண்டியில் ஏறி, சென்னையில் ஆட்டம் பார்த்து, மறுநாள் இரவு வண்டியில் திரும்பி, அதன் மறுநாள் காலையில் வேலைக்குப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள். இரயில் கட்டணம், இரு வேளைச் சாப்பாடு, ஒரு நாள் ஊதியம். டிக்கெட் விலை இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது. சீட்டில் அச்சிட்ட விலை ஒன்றாக இருந்தாலும் இருவர் கொடுத்த விலை ஒன்றாகாது.

இந்த வழக்கை என் நண்பர்கள் இருவர்முன் ஒரு முறை வைத்தேன். ஒருவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மற்றவர் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருப்பவர். இரயில்வே நண்பர் எடுத்த எடுப்பிலேயே உள்ளூரான் பக்கம் பேசினார். "வெளியூரான் ஆண்டுக்கு ஒரு நாள் இந்தத் திடலுக்கு வருகிறான். உள்ளூரான் லீக் போட்டியில் மட்டும் ஆண்டுக்குப் பத்தொன்பது ஆட்டங்களுக்கு வருகிறான். அணி தோற்றாலும் வருகிறான், மழை பெய்தாலும் வருகிறான். திடலைக் கட்டிக் காப்பது அவன் காசு. ஒரு நாள் வருகிறவனுக்குச் சலுகை, தினம் வருகிறவனுக்கு முழு விலை என்றால் அது என்ன நியாயம்?" என்றார். மேலும் மாமல்லபுரத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கே 2018-ஆம் ஆண்டில் நிர்ணயித்த கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், அயல்நாட்டாருக்கு 600 ரூபாய். வரி கொடுத்துக் காப்பவன் குறைவாகக் கொடுக்கிறான். வந்து பார்த்துப் போகிறவன் கூடுதலாகக் கொடுக்கிறான். பந்தாட்டத் திடலுக்கும் அதுவே பொருந்தாதா என்பது அவர் வாதம்.

சித்திரை வீதி நண்பர் சிரித்தார். "வைகுண்ட ஏகாதசி அன்று எங்கள் தெருவில் வந்து பாரும். எங்கள் வீட்டுத் திண்ணை எங்களுக்குச் சொந்தமில்லை. ஊர் முழுதும் வெளியூரார். அவர்களிடம் கோயில் தனி விலை வாங்குகிறதா? கட்டண வரிசை உண்டு, கட்டணமில்லா வரிசையும் உண்டு. ஆனால் எந்த ஊர் என்று கேட்டு விலை சொல்லுவதில்லை. அவர்கள் வராவிட்டால் ஏகாதசி எங்களுக்கே ஏகாதசியாக இருக்காது" என்றார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வைத்தாரே, அது பந்தாட்டத்துக்குப் பொருந்தாதா என்றும் கேட்டார். இரயில்வே நண்பர் விடுவாரா? "விருந்தாளி சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. பந்தாட்டத்தில் விருந்தாளியும் கொடுக்கிறான், வீட்டுக்காரனும் கொடுக்கிறான். சமைக்கிறவன் யார் என்றுதான் தெரியவில்லை" என்றார். அன்று அவர் வேடிக்கையாகச் சொன்ன இந்தச் சொல்லே வழக்கின் நடு மையம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

சமைக்கிறவன் யார்? அதாவது, இந்தக் காசெல்லாம் யாருக்குப் போகிறது, யாருக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதே கேள்வி. பழங்காலத்தில் மன்றங்களுக்கு வாயிற் காசுதான் வருவாய். இன்று அப்படியன்று. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியை 2016 முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தம் நாட்டுக்குள்ளே காட்டும் உரிமைக்கு மட்டும் தொலைக்காட்சி நிறுவனங்கள் கொடுக்க இசைந்த தொகை 513 கோடி பவுனுக்கு மேல். அவ்வளவு பெரிய ஆறு வந்து பாயும் வயலில், வரப்போரத்துக் குடத்து நீருக்காக ஏன் இவ்வளவு கெடுபிடி என்று ரசிகர்கள் கேட்டது நியாயந்தானே? "இருபது பவுன் போதும்" என்ற முழக்கத்தோடு இங்கிலாந்தின் பந்தாட்ட ரசிகர் கூட்டமைப்பு 2013-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. வெளியூர் டிக்கெட்டின் விலை இருபது பவுனைத் தாண்டக் கூடாது என்பது அதன் கோரிக்கை. திடலுக்குள்ளே ஒருவரை ஒருவர் வாயாரத் திட்டிக்கொள்ளும் பல மன்றங்களின் ரசிகர்கள், இதற்காக ஒரே ஊர்வலமாக இலண்டன் வீதியில் நடந்தார்கள்.

2016 பிப்ரவரி 6. லிவர்பூல் மன்றம், அடுத்த ஆண்டு தன் புதிய காலரியில் மிக உயர்ந்த டிக்கெட்டுக்கு 77 பவுன் என்று அறிவித்திருந்தது. இங்கே குறை உள்ளூராருடையது. சண்டர்லாந்து அணியோடு நடந்த ஆட்டத்தில் லிவர்பூல் இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. கடிகாரம் எழுபத்தேழாவது நிமிடத்தைக் காட்டிற்று. ஏறத்தாழப் பதினாயிரம் பேர் எழுந்து வெளியே போனார்கள். காலியான ஆசனங்களின் முன்னால் லிவர்பூல் இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. ஆட்டத்தை வென்றிருந்தால் வெளியேறியவர்கள் மறக்கப்பட்டிருப்பார்கள் என்று கருதுகிறேன். அந்த இரண்டு கோல்கள் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லின. நான்கு நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, 77 பவுன் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அதே வாரத்தில், பிப்ரவரி 9 அன்று, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் கோப்பைப் போட்டி. டார்ட்மண்ட் நகரிலிருந்து தம் அணியின் பின்னே வந்திருந்த ரசிகர்கள், டிக்கெட் விலை 70 யூரோ வரை ஏறியதைக் கண்டித்து, முதல் இருபது நிமிடம் உள்ளே வராமல் வெளியே நின்றார்கள். பிறகு வந்தவர்கள் திடலுக்குள்ளே டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். டென்னிஸ் ஆட்டத்தின் விலையை எங்களிடம் கேட்கிறீர்கள், ஆகவே டென்னிஸ் பந்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருளாக எனக்குப் பட்டது. ஜெர்மனியில் இன்றும் நின்று பார்க்கும் இடங்கள் உண்டு. அவற்றின் விலை குறைவு. தம் நாட்டில் விலை இங்கிலாந்தைப் போல் ஆகிவிடும் என்ற அச்சமே அவர்களை உந்திற்று.

இங்கிலாந்தில் நின்று பார்க்கும் இடங்கள் எவ்வாறு போயின என்பதையும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ திடலில் நெரிசலில் சிக்கி 97 பேர் மாண்டனர். அதை விசாரித்த நீதிபதி டெய்லர், 1990-இல் அளித்த அறிக்கையில், எல்லாருக்கும் ஆசனம் அமைக்குமாறு சொன்னார். ஆனால் அதே அறிக்கையில், ஆசனத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் விலை வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்றும், கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் திடலில் ஆசனம் 6 பவுன், நிற்கும் இடம் 4 பவுன் என்றும் எடுத்துக் காட்டினார். ஆசனம் வேண்டும் என்ற பகுதியை மன்றங்கள் கருத்தோடு படித்தன. விலையைப் பற்றிய பகுதி வரும்போது அவர்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது போலும்.

2016 மார்ச்சில் இங்கிலாந்தின் முதல்நிலை மன்றங்கள் இருபதும் கூடி, அடுத்த ஆட்டப் பருவத்திலிருந்து வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு டிக்கெட்டின் உச்ச விலை 30 பவுன் என்று முடிவு செய்தன. மூன்றாண்டுகளுக்கு என்று தொடங்கிய அந்த ஏற்பாடு பிறகு நீட்டிக்கப்பட்டு வந்தது. ஐரோப்பியச் சங்கமும் தன் முதன்மைக் கோப்பைப் போட்டியில் 2019-20 பருவத்தில் வெளியூர் டிக்கெட்டுக்கு 70 யூரோ என்று எல்லை கட்டி, 2025-26 பருவத்தில் அதை 50 ஆகக் குறைத்தது. பஞ்சுத் தூசி படிந்த தலையோடு என் மேசை முன் நின்றவர் வழக்கில் வென்றுவிட்டார் என்று எண்ணினேன்.

மகிழ்ச்சி சிறிது நேரந்தான். இரயில்வே நண்பரின் கேள்வி மீண்டும் வந்து நின்றது. ஒரு கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெளியூரான் 30 பவுன் கொடுத்தவன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உள்ளூரான் அதைப்போல் இரு மடங்கு கொடுத்தவனாகவும் இருக்கலாம். தன் ஊரில், தன் தந்தை நின்ற இடத்தில், அவன் அந்நியனைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறான். இதனை எண்ணி உள்ளூரார் சிலர் வெளியூராரைக் கடிந்துகொண்டார்கள். அங்கேதான் அவர்கள் வழி தவறினார்கள் என்பது என் எண்ணம். கணக்கைப் பாருங்கள். வெளியூர் அணிக்கு ஒதுக்கவேண்டிய இடம் 3,000, அல்லது திடலின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. இவற்றுள் எது குறைவோ அது. அறுபதாயிரம் பேர் கொள்ளும் திடலில் மூவாயிரம் பேருக்கு விலை குறைப்பதனால் மன்றத்துக்கு இழப்பு மிகச் சிறியது. எஞ்சிய ஐம்பத்தேழாயிரம் பேருக்குக் குறைப்பதென்றால்தான் கை நடுங்கும். விருந்தாளிக்குத் தலைவாழை இலை போட்டு ஊரார் மெச்ச உபசரித்துவிட்டு, வீட்டுப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைத்த கதை இது. விருந்தாளி இலையில் விழுந்த சோறு பிள்ளைகளின் பங்கு அன்று. பிள்ளைகளுடைய பங்கு உள்ளே பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அல்லவா கேட்க வேண்டும்?

ஆகவே, இரயில்வே நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான்: வெளியூரானுக்கு வழிச்செலவை எண்ணிக் குறைக்க வேண்டும், உள்ளூரானுக்கு வருகைத் தடவையை எண்ணிக் குறைக்க வேண்டும். இருவரில் ஒருவன் காசை எடுத்து மற்றவனுக்குக் கொடுப்பதற்கு அவசியமே இல்லை. "மாமல்லபுரம்?" என்று கேட்டார். மாமல்லபுரத்துச் சிற்பம், பார்க்க யாருமே வராவிட்டாலும் சிற்பமாகவே நிற்கும்; எதிரணிக்கு ஆள் இல்லாத பந்தாட்டம் அப்படி நிற்காது என்றேன். அவர் முழுவதும் ஒப்பவில்லை. ஒப்பியிருந்தால் அவர் என் நண்பராக இவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டார்.

நம் நாட்டில் இந்த வழக்கு புதிதன்று. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் கேடயப் போட்டியின் இறுதி ஆட்டம். மோகன் பகான் அணி, ஒருவர் நீங்கலாக எல்லாரும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. வெளி மாவட்டங்களிலிருந்து இரயிலிலும் படகிலும் மக்கள் வந்து குவிந்தனர். இரண்டு ரூபாய் டிக்கெட் பதினைந்து ரூபாய் வரை விலை போனதாக எழுதியிருக்கிறார்கள். திடல் தெரியாத தொலைவில் நின்ற பெருங்கூட்டத்துக்குக் கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டுத் தெரிவித்தார்கள். எங்கள் லாரியின் முன்னோர் அந்தப் பட்டம் பார்த்தவர்கள்! அதே நகரில், 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத் திடலில், மோகன் பகான், கிழக்கு வங்க அணிகளின் ரசிகர்கள் ஒரே காலரியில் கலந்து உட்கார்ந்திருந்தபோது கலகம் மூண்டு பதினாறு பேர் உயிரிழந்தார்கள். வெளியூராருக்குத் தனி இடம், தனி வாயில் என்று பிரிப்பதைச் சிலர் தீண்டாமை போலப் பேசுகிறார்கள். இடத்தைப் பிரிப்பதில் காவல் இருக்கிறது. விலையைப் பிரிப்பதில் அது இல்லை.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய பின்னர், சென்னையிலும் அந்தக் காட்சியைக் கண்டோம். ஜவாஹர்லால் நேரு திடலில் சென்னையின் அணி நீலச் சட்டையில் ஆடும்; கேரளத்து அணி வரும் நாளில் காலரியில் ஒரு பகுதி மஞ்சளாக மாறிவிடும். அந்த மஞ்சள் சட்டைக்காரர்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரயிலில் வந்தவர்கள் உண்டு. சென்னையிலேயே பல ஆண்டுகளாக வேலை பார்த்து, வாடகை கொடுத்து, குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. பிந்தியவர் உள்ளூரா, வெளியூரா? திருச்சியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து சென்னை அணிக்காகப் போகிற இளைஞன் ஒருவன் என் தெருவிலேயே இருந்தான். அவன் உள்ளூர் ரசிகன். வழிச்செலவோ வெளியூர்ச் செலவு. மயிலாப்பூரிலிருந்து பேருந்தில் வந்த மலையாளி வெளியூர் ரசிகன். செலவோ உள்ளூர்ச் செலவு. இவர்களைக் கண்ட போதெல்லாம் குடை வைத்திருந்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வருவார்.

அவர் அன்று தரையில் அமர்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தார். ஆட்டம் எங்கள் பக்கம் இரண்டுக்கு ஒன்று என முடிந்தது. தமக்கை மகன் இரண்டாவது கோலைத் தடுத்திருக்கலாம். கை பட்டும் நழுவிற்று. கூட்டம் கலைந்த பின்னர், லாரிக்காரர்கள் புறப்படும் முன், பெரியவர் அந்தப் பையனைத் தோளில் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மிதிவண்டியில் ஏறி, பாலத்தை நோக்கிப் போனார்.

இரவு விளக்கு வைத்துக் கணக்குப் பார்த்தோம். அடிக்கட்டைகளை எண்ணி, பணத்தை எண்ணிப் பார்த்ததில் ஐம்பது காசு மிகுந்திருந்தது. இரு முறை எண்ணியும் மிகுந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வெளியூர் வரவு என்று ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருந்தோம், அதில் எழுதவில்லை. ஏட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நன்கொடை, ஸ்ரீரங்கம், ஐம்பது காசு என்று எழுதினார்.